மனுவுக்கு வந்த படை



குடிமக்களின் அன்றாட வாழ்வுக்குள் ஆயுதப்படை நுழைவதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் மேடைகளில் முதலில் வருவது மணிப்பூரும் காஷ்மீரும். வரவேண்டியதுதான். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை நசுக்க லின்லித்கோ பிறப்பித்த அவசரச் சட்டம், 1958இல் நாகா மலைகளை அடக்கச் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றச் சட்டமாக மறுபிறவி எடுத்தது. 2000 நவம்பரில் இம்பால் அருகே மாலோம் கிராமத்தில் பேருந்துக்குக் காத்திருந்த 10 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதற்காக ஐரோம் ஷர்மிளா 16 ஆண்டுகள் உணவை மறுத்ததும் இங்குள்ள மாணவர்களுக்குத் தெரியும்.

இன்று நான் பேச வந்தது அதைக் கேட்டுவிட்டு நாம் அடைகிற நிம்மதியைப் பற்றி. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் கிடையாது. ராணுவம் இங்கே தெருவில் இறங்கியது எப்போது என்று கேட்டால், 1965 பிப்ரவரி என்பார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம், பொள்ளாச்சி. அதற்குப் பிறகு ராணுவம் வெள்ளம், புயல் என்றால்தான் வருகிறது என்று பாடநூல் எழுதுபவர் எழுதிவிடலாம். சேரியிலிருந்து பார்க்கிறவர் அப்படி எழுத முடியாது. பச்சைச் சட்டை வராத ஊர்களுக்குக் காக்கிச் சட்டையில் ஒரு படை வந்துகொண்டே இருந்தது. முகாம், அணிவகுப்பு, துப்பாக்கி, கட்டளை எல்லாம் ராணுவத்துக்குரியவை. பெயர் மட்டும் போலீஸ். பெரும்பாலான தடவைகளில் அது வந்தது கலகத்தை அடக்க அல்ல. கூலி கேட்டு, நிலம் கேட்டு, கைதானவர்களை விடச் சொல்லி யாரோ ஒரு மனுவோடு புறப்பட்டபோதுதான் வந்தது.

இந்தப் படை எங்கிருந்து முளைத்தது என்று பார்ப்போம். 1855இல் சென்னை மாகாணத்தில் ஒரு சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை தந்தது. வரி வசூலிக்கிற அதே கீழ்நிலை ஊழியர்கள் கையில்தான் போலீஸ் அதிகாரமும் இருந்தது என்பதை அந்த அறிக்கை ஒத்துக்கொண்டது. வரி கட்டாதவனுக்கு அண்ணாந்தாள், விரலுக்குக் கிட்டி. கம்பெனியின் மானம் லண்டன் வரை போனதும் வருவாய்த் துறையையும் காவலையும் பிரித்து, 1859இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய பயத்தில் 1861இல் அகில இந்தியக் காவல் சட்டம் வந்தது. இவற்றுக்கு முன்மாதிரி லண்டன் நகரத்துப் போலீஸ்காரர் அல்ல. அயர்லாந்தை அடக்கிவைக்க உருவாக்கிய, கொட்டடியில் தங்கும், துப்பாக்கி ஏந்திய படை. காலனியைக் காலனிபோல் ஆள்வதற்கு அதுவே தோதாக இருந்தது.

1861 சட்டத்தின் 15ஆம் பிரிவை மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஓர் ஊர் 'அமைதியற்றது' என்று அரசு அறிவித்தால், அங்கே கூடுதல் போலீசைக் குடியேற்றலாம். அதற்கான செலவை அந்த ஊராரிடமே வசூலிக்கலாம். தண்டக் காவல், தண்ட வரி. 1908இல் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலி கொந்தளித்தது. நான்கு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். பிறகு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவல் இறங்கியது. அந்த வரிக்கு வழங்கிய பெயர் 'திமிர் வரி'. உன் திமிருக்கு நீயே காசு கட்டு என்பது அதன் பொருள்.

இதே காலத்தில் ராணுவத்துக்குள் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கம்பெனியின் சென்னைப் படையில், குறிப்பாகச் சாப்பர்ஸ், பயனியர் பிரிவுகளில், பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில். தந்தை ராம்ஜி சுபேதார். 1880களில் தளபதி ராபர்ட்ஸ் காலத்திலிருந்து 'போர்க்குணச் சாதிகள்' என்ற கொள்கை ஆட்சிக்கு வந்தது. வடமேற்கு ஆட்களே வீரர்கள், தெற்கத்தியார் வீரத்துக்கு லாயக்கில்லாதவர் என்றார்கள். சென்னைப் படையின் காலாட்படைப் பிரிவுகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. மகர்களுக்கு 1890களில் கதவு சாத்தப்பட்டது. நிலையாகத் திரும்பத் திறந்தது இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான், 1941இல் மகர் ரெஜிமென்டாக. மாதச் சம்பளம், பள்ளிக்கூடம், ஓய்வூதியம், நிமிர்ந்து நடக்கும் பழக்கம் ஆகியவற்றைத் தந்த கதவு அது. அம்பேத்கர் தமது பாகிஸ்தான் நூலில் இந்தியப் படையில் எந்த மாகாணத்தார், எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தது சும்மா அல்ல. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பது அவருக்கு முதன்மையான அரசியல் கேள்வி.

உத்தரவிடும் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது அதற்கு இணையான கேள்வி. இதை அவருக்கும் முன்பே கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ் கேட்டபோது, பறையர் மகாஜன சபை அதை எதிர்த்து லண்டனுக்கு மனு அனுப்பியது. இன்றுவரை இதைத் துரோகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஜாதி இந்துவின் கையில் கலெக்டர் அதிகாரம் போனால் சேரிக்கு என்ன நேரும் என்பதை யோசித்த மனு அது. பின்னால் நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் அந்தப் பயத்தை அற்பமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலப்புறத்துக்கு வருவோம். மாப்பிளா விவசாயிகளின் எழுச்சிகளை அடக்க 1880களிலேயே அங்கே ஒரு தனிக் காவல்படை வைத்திருந்தார்கள். 1921 கிளர்ச்சிக்குப் பின் ஹிட்ச்காக் என்ற காவல் அதிகாரி அதை மலபார் ஸ்பெஷல் போலீஸ் ஆக்கினார். எம்.எஸ்.பி. என்று நம் தாத்தாக்கள் சொல்வது இதைத்தான். அது மலபாரோடு நிற்கவில்லை. அல்லூரி சீதாராம ராஜுவை வேட்டையாட ரம்பா மலைக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கத் தஞ்சாவூர் வயல்களுக்கு வந்தது.

தஞ்சைப் பண்ணையாள் என்ன கேட்டான்? சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது, அறுவடையில் பங்கு வேண்டும். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் இவற்றில் சிலவற்றை மிராசுதார்கள் கையெழுத்துப் போட்டு ஏற்றார்கள். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்து என்று கேட்ட சேரிகளுக்குத்தான் எம்.எஸ்.பி. வந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை அரசே 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து ஒப்புக்கொண்டது. முதலில் படை, பிறகு சட்டம். இடையில் செத்தவர்களுக்கும் சிறை சென்றவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

1960களின் பிற்பகுதியில் கீழத்தஞ்சையில் மறுபடியும் கூலிப் போராட்டம். வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுவடை செய்ய நெல் உற்பத்தியாளர் சங்கத்தார் முனைந்தார்கள். அந்த ஆட்களுக்குக் காவலாக அரசு ஒரு தனிப்படையை நிறுத்தியது. அதற்கு வைத்த பெயர் கிசான் போலீஸ். விவசாயி போலீஸ்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். வயலில் இறங்கும் வெளியூர் ஆளுக்குக் காவல் கொடுக்க முடிந்த அரசால், அந்த இரவில் ஒரு சேரிக்குக் காவல் கொடுக்க முடியவில்லை. மிராசுதார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்ததை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். கிசான் போலீசைப் பேச மறந்துவிட்டோம்.

தெற்கே, முதுகுளத்தூர். இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். பட்டாளத்திலிருந்து திரும்பும் தலித் இளைஞனைக் கிராமம் எப்படிப் பார்த்தது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. 1957 செப்டம்பர் 10 அன்று ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. பிடித்துக் கட்டிவைத்துச் சுட்டார்கள் என்பது ஊராரின் குற்றச்சாட்டு. நம்மில் சிலர் இதை அரசு எடுத்த உறுதியான நடவடிக்கை என்று பாராட்டிப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொலை செய்தவனை நீதிமன்றத்தில் நிறுத்துவது ஒன்று. ஊருக்குப் பாடம் கற்பிக்கச் சுடுவது வேறு. பிந்தியதை 1957இல் ஏற்றுக்கொண்டால் 1995இல் நமக்குப் பேச வாய் இருக்காது.

1995 என்றது கொடியங்குளத்தை. அந்த ஆண்டு தென்மாவட்டங்களில் கலவரம் பரவியபோது, ஆகஸ்ட் 31 அன்று ஏறக்குறைய 600 காவலர்கள் அந்த ஊருக்குள் இறங்கினார்கள். தேடுதல் வேட்டை என்று பெயர். அவர்கள் எதை உடைத்தார்கள் என்று கவனியுங்கள். தொலைக்காட்சிப் பெட்டி, தையல் இயந்திரம், மின்விசிறி. கிழித்தவை பட்டச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும். கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று ஊரார் சொன்னார்கள். கொடியங்குளம் வளைகுடா வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, நிலம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்த பள்ளர் ஊர். கலவரக்காரனைத் தேடி வந்தவனுக்குப் பட்டச் சான்றிதழ் எதற்கு? ஒரு தலைமுறையின் முன்னேற்றத்தை அரைநாளில் பின்னுக்குத் தள்ளும் வேலை அது. தண்ட வரியை இங்கே ரசீதில்லாமல் வசூலித்தார்கள்.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை 2023இல் உறுதிசெய்தது. 31 ஆண்டுகள். மலைவாழ் மக்கள் சங்கமும் அந்தப் பெண்களும் சலிக்காமல் நின்றதால் கிடைத்தது. 1855இல் பிரிக்கச் சொன்ன வருவாய்த்துறையும் காவலும் வாச்சாத்தியில் கைகோத்து நின்றன. கூட வனத்துறையும் சீருடையில். அடுத்த ஆண்டு வீரப்பனைத் தேட அதிரடிப்படையும் எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்தபோது மலைக்கிராமங்கள் பட்டபாடு இதன் தொடர்ச்சிதான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் காலனிய காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து 1973 சட்டத்தின் 129 முதல் 132 வரையான பிரிவுகளுக்கு வந்தது. இப்போது புதிய சட்டத்தில் 148 முதல் 151 வரை. எண் மாறியது, எலும்புக்கூடு மாறவில்லை. சட்டவிரோதக் கூட்டம் என்று முடிவு செய்வது நிர்வாக நடுவர் அல்லது காவல் அதிகாரி. போலீசால் முடியாவிட்டால் நடுவர் ஆயுதப்படையை அழைக்கலாம். ஆயுதப்படை என்பதில் ராணுவத்தோடு ஒன்றிய அரசின் மற்ற ஆயுதப்படைகளும் அடக்கம். அந்த அதிகாரத்தின் கீழ் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு அரசின் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது. அதாவது, வடகிழக்கின் சிறப்புச் சட்டத்தில் நாம் எதிர்க்கிற அந்தக் காப்பு, சாதாரணச் சட்டத்திலேயே ஒரு மூலையில் இருக்கிறது. எந்த மாவட்டத்தையும் 'கலவரப் பகுதி' என்று அறிவிக்க வேண்டிய சிரமம்கூட இல்லை.

இந்த அதிகாரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தளபதி அல்ல. ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர். நாம் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் போய் நிற்கிற அதே மேசை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி 100ஆவது நாளில் மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். சுட உத்தரவிட்டதாக முதல் தகவல் அறிக்கையில் காட்டப்பட்டவர்கள் துணை வட்டாட்சியர்கள். ஓடுகிறவர்களைப் பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. ஒரு துணை வட்டாட்சியர் தாமாக முடிவெடுத்து இத்தனை பேரைச் சுடச் சொன்னார் என்பதை நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆட்சியர் அலுவலகத்தின் வாசல் என்றதும் தாமிரபரணியை நினைக்காமல் இருக்க முடியாது. மாஞ்சோலை எஸ்டேட் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. தேயிலை பறித்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். கூலி உயர்வு கேட்டுப் போராடிய 600க்கும் மேற்பட்டவர்கள் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம், பக்கத்திலேயே ஆறு. தடியடி தொடங்கியதும் ஓட வழியில்லாமல் மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். கரையேற வந்தவர்களை அடித்தார்கள், கல்லால் எறிந்தார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் இருக்கிறது. பார்க்காத மாணவர்கள் பார்க்கவேண்டும். நீதிபதி மோகன் ஆணையம் போலீஸ் மீது பழி இல்லை என்றது. துப்பாக்கி அதிகம் வெடிக்காமலேயே நடந்த படுகொலை என்பதால் 'துப்பாக்கிச் சூடு' என்ற பட்டியலில்கூட அது சரியாக உட்காருவதில்லை.

மனு கொடுக்கப் போனவர்கள் என்றேன். மேலவளவையும் இதில் சேர்க்கவேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து. ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத்தான் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்கப் போயிருந்தார்கள். வழியில் பேருந்தை மறித்து வெட்டினார்கள். அன்று அங்கே எந்தப் படையும் இல்லை.

இங்கேதான் நம் சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நாமே படையைக் கேட்கிறோம். தேர் இழுக்க, கோவிலுக்குள் போக, வேட்புமனு கொடுக்க, பிணத்தைப் பொதுப்பாதையில் எடுத்துப் போகக் காவல் கேட்கிறோம். 2008 மே மாதம் உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது சுற்றி நின்றது போலீஸ்தான். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, மூன்றாம் விதியிலேயே வன்கொடுமை நிகழும் பகுதிகளைக் கண்டறிந்து அங்கே சிறப்புக் காவல்படையை நிறுத்தச் சொல்கிறது. 'படையே வேண்டாம்' என்று ஊருக்குள் வாழ்கிற தலித் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் தாராளவாத நண்பர்களின் தெருவில் படை இல்லாமலேயே பாதுகாப்பு இருக்கிறது.

ஆனால் அதே மூன்றாம் விதி வேறு சிலவற்றையும் சொல்கிறது. அந்தப் பகுதியில் தலித், பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய். தேவையானால் தலித்துகளுக்குத் தற்காப்புக்கு உரிமம் கொடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாக இருக்கும் ஊரார் மீது கூட்டு அபராதம் விதிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. வெள்ளைக்காரனின் திமிர் வரியை நம் பக்கம் திருப்பிவைத்த பிரிவு அது. உங்கள் மாவட்டத்தில் இவற்றில் எது, எப்போது, எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு விதியின் பல கூறுகளில் அதிகாரிகளுக்கு எளிதாக இருப்பது ஒன்றுதான்: ஒரு வேன் நிறையப் போலீசைக் கொண்டுவந்து சேரி முனையில் நிறுத்துவது. ஆதிக்கச் சாதியின் ஆயுதம் வீட்டுக்குள் இருக்க, காவல் சேரியின் வாசலில் நிற்கும். போகவர நம் பையன்களைத்தான் அது பெயர் கேட்கும்.

செத்தவர்கள் பற்றிய விசாரணையும் இப்படித்தான். காவல் நிலையாணை 151இன்படி கோட்டாட்சியர் விசாரிப்பார். சுட அனுமதிக்கும் அதிகாரம் இருக்கிற அதே அலுவலக வரிசை. நம் உண்மை அறியும் குழுக்கள் செத்தவர் பெயரையும் குண்டு பாய்ந்த இடத்தையும் கவனமாகப் பதிவு செய்கின்றன. கூட்டம் சட்டவிரோதமானது என்று அறிவித்தது யார், எத்தனை மணிக்கு, எழுத்தில் இருக்கிறதா, எந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள், எந்தப் பட்டாலியன், எந்த ஊரிலிருந்து எப்போது கிளம்பியது என்ற கேள்விகள் பல அறிக்கைகளில் விடுபட்டுப்போகின்றன. வேன் திருச்சியிலிருந்தோ மணிமுத்தாறிலிருந்தோ முந்தைய நாளே கிளம்பியிருந்தால், 'திடீர்க் கலவரம்' என்ற கதை அங்கேயே உடைகிறது.

படை இப்போது நெருக்கடி நாளுக்கு மட்டும் உரியதாக இல்லை. 1939இல் சமஸ்தானங்களுக்குத் துணையாக நீமச்சில் தொடங்கிய படைதான் இன்றைய மத்திய ரிசர்வ் போலீஸ். ஆலைகளுக்காக 1969இல் வந்த மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை, 2015 நவம்பர் முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் வாசலில் நிற்கிறது. வாச்சாத்திப் பெண்கள் நீதி கேட்டு வந்த கட்டடத்துக்குள் போக இப்போது துப்பாக்கி ஏந்தியவரிடம் பையைத் திறந்து காட்டவேண்டும். தூத்துக்குடிக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள்.

2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடி ஐந்துமுனைச் சாலையில் 6 பேர் கொல்லப்பட்டார்கள். தலைவர் ஒருவரை வழியில் கைது செய்ததைக் கண்டித்து மறியல் செய்தவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு அது. முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டுகளிலிருந்து செப்டம்பர் பிறந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு வருகிறது. வாடகை வண்டியில் வரக்கூடாது. சொந்த வண்டி என்றால் முன்கூட்டியே போலீசிடம் அனுமதிச் சீட்டு வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டவேண்டும். எந்த ஊரார் எந்த வழியில், எத்தனை மணிக்கு வந்து, எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்பதும் அவர்கள் முடிவு செய்வதுதான். சொந்த வண்டி இல்லாத கூலிக்காரர்கள் பாதிப் பேர் இதனாலேயே ஊரில் தங்கிவிடுகிறார்கள்.